பிரேக் பிடிக்காத லாரியும் டிரைவர் இல்லாத காரும்



கொஞ்சம் நீளமான பதிவு. இரண்டு பீரியட் சேர்த்து எடுத்த சரித்திர வகுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் வரும். உறவுக்காரர்கள் படித்துவிட்டு, "இதையெல்லாம் ஏன் எழுதினே?" என்று போன் பண்ண வேண்டாம். அப்பா போய் இருபது வருஷம் ஆகப் போகிறது. அம்மாவும் இல்லை. இனிமேல் சொல்லலாம் என்றுதான் சொல்கிறேன்.

போன மாதம் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். வேமோ கம்பெனியின் வாடகைக் கார். பின் சீட்டில் இவன் உட்கார்ந்திருக்கிறான். டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. சிக்னலில் தானாக நிற்கிறது. குறுக்கே நடப்பவருக்கு வழிவிட்டுப் பிறகு கிளம்புகிறது.

"எப்படி டீச்சர்?" என்று கேட்டான்.

"நல்லா இருக்குடா. இது யாரையாவது இடிச்சா யார் பொறுப்பு?" என்று கேட்டேன்.

"இடிக்காது டீச்சர். மனுஷங்க ஓட்டறதைவிட இது ஜாக்கிரதையா ஓட்டும்" என்றான்.

அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் போட மாட்டேன் என்று அவனுக்கே தெரியும்.

இது ஏதோ அமெரிக்கா சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். நம் வீட்டிலிருந்து துரைசாமி சுரங்கப்பாதையைத் தாண்டினால் பனகல் பூங்கா. அதன் அடியில் போகும் மெட்ரோவின் இரண்டாம் கட்ட ரயில்கள் டிரைவர் இல்லாமலே ஓடும்படி செய்யப்பட்டவை. டெல்லியில் 2020 டிசம்பரிலேயே அப்படி ஒரு ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. சாலையில் மட்டும் இன்னும் இல்லை. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் 2023இலும், டிரைவர்களின் பிழைப்பு போய்விடும், ஆகவே டிரைவர் இல்லாத கார்களை விடமாட்டோம் என்று சொன்னார். ஆனால் தானே பிரேக் போடும் கார், கோட்டை விட்டு விலகினால் தானே ஸ்டியரிங்கைத் திருப்பும் கார் எல்லாம் இங்கே விற்பனையில் இருக்கின்றன. பாதி வழி வந்தாகிவிட்டது.

அதனால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்கலாம். உயர் நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி தீர்ப்புகளின் நகல்களைக் கொடுத்துப் பொறுமையாக விளக்கினாள். சரியாக இருப்பதெல்லாம் அவள் சொன்னது. பிழை இருந்தால் என்னுடையது.

*

முதலில் ஒரு சின்ன விஷயம். வகுப்பில் ஒருவனுடைய ஸ்லேட் உடைந்துவிட்டது. அப்போது டீச்சர் முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கும். ஒன்று, யார் உடைத்தது, அவனுக்கு என்ன தண்டனை? இரண்டு, ஸ்லேட்டை இழந்த பையனுக்குப் புது ஸ்லேட் யார் வாங்கித் தருவது? முதல் கேள்வியில் எல்லோருக்கும் ஆர்வம். வகுப்பே எழுந்து நின்று சாட்சி சொல்லும். இரண்டாவது கேள்வி பெரும்பாலும் மறந்துபோகும். ஸ்லேட் இழந்தவன் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பான்.

முதல் கேள்வி கிரிமினல் சட்டம். இரண்டாவது சிவில் சட்டம். நான் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி.

நம் ஊரில் வாகன விபத்து வழக்கு என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது திருவாரூர்தான். சோழ இளவரசன் தேர் ஓட்டிப் போகிறான். பசுவின் கன்று துள்ளி வந்து சக்கரத்தில் சிக்கிச் சாகிறது. தாய்ப் பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. கன்று தானாக வந்து விழுந்தது, பரிகாரம் செய்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். அரசன் ஒப்புக்கொள்ளவில்லை. தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் சபையில் இதைச் சொல்கிறாள். சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகப் பாடுகிறார். திருவாரூரில் கல்தேர் நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலையும் உண்டு. உங்களில் சிலரை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன்.

அப்போது ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், ராஜா பையனும் செத்துட்டான். பசுவுக்கு என்ன கிடைச்சுது?" சிவபெருமான் வந்து எல்லாரையும் உயிர்ப்பித்தார் என்று சொல்லிச் சமாளித்தேன். இன்று யோசித்தால், அவள் கேட்டதுதான் சிவில் சட்டத்தின் கேள்வி.

பழைய சாஸ்திரங்களிலும் வண்டி விபத்துக்கு விதி இருக்கிறது. மனுஸ்மிருதியின் சாதிப் பாகுபாடுகள் எனக்கு ஏற்புடையவை அல்ல. ஆனால் அதன் எட்டாம் அத்தியாயத்தில் வண்டிகளைப் பற்றி வரும் பகுதி சரித்திர மாணவர்கள் பார்க்க வேண்டியது. மூக்கணாங்கயிறு அறுந்தால், நுகத்தடி முறிந்தால், அச்சு முறிந்தால், சக்கரம் உடைந்தால், "விலகு விலகு" என்று கத்தியும் எதிரில் இருப்பவர் விலகாவிட்டால் தண்டனை இல்லை. ஓட்டுகிறவனுக்குத் திறமை இல்லாமல் விபத்து நடந்தால் அபராதம் வண்டிச் சொந்தக்காரனுக்கு. திறமை இருந்தும் நடந்தால் ஓட்டுகிறவனுக்கு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இதே போக்கில் விதிகள் உண்டு.

"அச்சு முறிந்தால் யாருக்கும் பொறுப்பில்லை." இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கே அது வந்தது.

*

இப்போது வெள்ளைக்காரன் காலம். பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. வண்டி மோதிக் கால் ஒடிந்தவன் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். செத்துப்போனால் அவன் குடும்பம் எதுவும் கேட்க முடியாது. ஆளோடு வழக்கும் போய்விடும். ரயில் வந்து விபத்துகள் பெருகிய பிறகு 1846இல் அங்கே இதை மாற்றினார்கள். அதைப் பார்த்து இந்தியாவில் 1855இல் உயிரிழப்பு விபத்துச் சட்டம் வந்தது. இறந்தவரின் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகளுக்காக வழக்குத் தொடரலாம். ஆனால் எதிராளியின் தவறு அல்லது கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும்.

நம் மதராஸில் 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தெருவில் ஒரு வண்டி போவதை ஜனங்கள் பார்த்தார்கள். இன்று நாம் டிரைவர் இல்லாத காரைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்திருப்பார்கள். பிறகு மோட்டார் கார், பஸ், லாரி. 1914இல் முதல் அகில இந்திய மோட்டார் வாகனச் சட்டம். 1939இல் அதைவிடப் பெரிய சட்டம். அந்த 1939 சட்டத்தில்தான் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று எழுதினார்கள். அது நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1இல்.

'மூன்றாம் நபர்' என்பது யார் தெரியுமா? வண்டி வாங்கியவர் ஒருவர், இன்சூரன்ஸ் கம்பெனி இன்னொருவர். இவர்கள் இருவருக்கும் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாமல், ரோட்டில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பவர் மூன்றாம் நபர். பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை, நீங்கள், நான். அவருக்காக வண்டிக்காரர் முன்பணம் கட்டி வைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஏழை டிரைவர் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தாலும் அவனிடம் கொடுக்க என்ன இருக்கும்? அதனால் வந்த ஏற்பாடு.

சிவில் கோர்ட்டில் வழக்குப் போட ஸ்டாம்புக் கட்டணமே குடும்பத்தை முழுகடித்துவிடும். அதனால் 1956 திருத்தத்தில் விபத்து இழப்பீட்டுக்கென்று தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு கதவு மட்டும் சாத்தியே இருந்தது. கவனக்குறைவை நிரூபிக்கும் பொறுப்பு அப்போதும் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் தலையில்தான்.

*

இனி வீட்டுக் கதை.

1973இல் எனக்குப் பதிமூன்று வயது. ஏரிக்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சந்தில், ஐந்து குடித்தனம் இருந்த வீட்டில் நாங்களும் ஒரு ஒண்டுக்குடித்தனம். அப்பா லாரி டிரைவர். என் பழைய மாணவர்கள் பலருக்கு இது தெரியாது. 'டீச்சர் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள்' என்று நினைத்திருப்பீர்கள்.

ஒருநாள் விடிகாலையில் செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் அப்பாவின் லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. மிதித்தால் பெடல் தரையோடு போய்விட்டதாம். முன்னால் சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு போனவர் மேல் ஏறிவிட்டது. அவர் அங்கேயே போய்விட்டார். மனைவி, இரண்டு குழந்தைகள்.

அப்பா மேல் கிரிமினல் வழக்கு. வண்டியைச் சோதித்த அதிகாரி பிரேக் பழுதானது உண்மை என்று சொன்னார். அப்பாவை விடுதலை செய்துவிட்டார்கள். அன்று அம்மா அயோத்தியா மண்டபத்துக்குப் போய் விளக்குப் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. நானும் கூடப் போனேன்.

பிறகு அந்தப் பால்காரரின் மனைவி நஷ்டஈடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். லாரி முதலாளியின் பக்கம் சொன்ன பதில் இதுதான்: திடீர் இயந்திரக் கோளாறு, யாருடைய கவனக்குறைவும் இல்லை, ஆகவே பணம் தர வேண்டியதில்லை. அச்சு முறிந்தால் பொறுப்பில்லை என்ற அதே பழைய வாதம். ஆனால் அன்றைய சட்டத்தில் முதலாளி ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது: வண்டியை ஒழுங்காகப் பராமரித்தேன், அதையும் மீறி நடந்தது என்று. அதற்கு அவரிடம் இருந்த பெரிய சாட்சி யார்? அப்பா.

"முந்தின நாள் பிரேக் சரியாக இருந்தது. நானே பார்த்தேன்" என்று அப்பா கூண்டில் ஏறிச் சொன்னார். மனு தள்ளுபடியானது. அந்த அம்மாளுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அப்பா அதே லாரி ஷெட்டில் இன்னும் ஒன்பது வருஷம் வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன்.

2006இல் அப்பா படுக்கையில் இருந்தபோது, ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே சொன்னார்.

"ரெண்டு நாள் முன்னாடியே சொன்னேம்மா, பிரேக் கீழ போகுதுன்னு. இந்த டிரிப் முடிச்சிட்டு வா, பார்த்துக்கலாம்னாங்க. கோர்ட்ல அதைச் சொல்ல வேணாம்னாங்க. நீங்க மூணு பேரும் சின்னப் பசங்க."

கொஞ்சம் கழித்து, "ஒருதரம் அந்த ஊருக்குப் போனேன். நூறு ரூபா எடுத்துட்டுப் போனேன். எதுத்தாப்ல டீக்கடைல உக்காந்துட்டு வந்துட்டேன். கால் வரலை" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் வரவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. அந்தச் சட்டத்தில் அப்பாவின் பிழைப்பும் அந்த அம்மாளின் நஷ்டஈடும் ஒரே வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. வண்டியின் உண்மை தெரிந்த ஒரே சாட்சி, வண்டிக்காரரின் உப்பைத் தின்பவர். அவரை நம்பித்தான் ஒரு விதவை கோர்ட்டுக்கு வர வேண்டியிருந்தது.

*

அதற்குப் பிறகு சட்டம் மெதுவாக நகர்ந்தது.

1977இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், கவனக்குறைவு இல்லையென்றால் இழப்பீடும் இல்லை என்பதையே உறுதி செய்தது. 1980இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று அங்கே போனது. இருட்டிய பிறகு போய்க்கொண்டிருந்த தனியார் பஸ், தொங்கிக்கொண்டிருந்த உயர் அழுத்த மின்கம்பியில் மோதியது. 26 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். பயணிகள் கம்பியைப் பார்த்துக் கத்தியும் டிரைவர் நிறுத்தவில்லை என்பது தீர்ப்பாயத்தின் முடிவு. கிரிமினல் கோர்ட் டிரைவரை விட்டுவிட்டது, அது கடவுள் செயல் என்று. ஆனால் நீதிபதி கிருஷ்ணய்யர், கிரிமினல் விடுதலை வேறு, சிவில் பொறுப்பு வேறு என்று தெளிவாக எழுதினார். அங்கே இங்கே சின்னச் சந்தேகம் இருக்கிறது என்பதற்காக வண்டிக்காரர்கள் தப்பிவிடக் கூடாது, பாதிக்கப்பட்டவர்கள் தவிக்கக் கூடாது என்று தீர்ப்பாயங்களுக்கு அறிவுரையும் சொன்னார். ஸ்லேட் கதையின் இரண்டு கேள்விகளையும் அவர் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்.

1982இல் பெரிய மாற்றம். யாருடைய தவறு என்று கேட்காமலே கொடுக்க வேண்டிய தொகை சட்டத்தில் முதல்முறையாக வந்தது. உயிர் போனால் 15,000 ரூபாய். நிரந்தர ஊனத்துக்கு 7,500. ஜெர்மனியில் 1909இலேயே வண்டி வைத்திருப்பவர் மேல் இப்படி ஒரு பொறுப்பைச் சுமத்திவிட்டார்கள். நமக்கு எழுபது வருஷத்துக்கும் மேல் ஆனது. 1988இல் புதுச் சட்டம் வந்து தொகை 25,000 ஆனது. 1994இல் 50,000. 2019 திருத்தத்தில் உயிரிழப்புக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம். இது 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது.

இதற்கு நடுவில் 2001இல் வந்த ஒரு தீர்ப்பைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்த ஜீப்பின் முன் டயர் வெடித்தது. ஜீப் கவிழ்ந்து, நடந்துபோன ஒருவர் மேல் மோதி அவர் இறந்துவிட்டார். டிரைவர் மேல் தவறில்லை என்று கீழ்க் கோர்ட்டுகள் மனுவைத் தள்ளிவிட்டன. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கே.டி. தாமஸ் அதை மாற்றினார். இங்கிலாந்தில் 1868இல் ஒரு நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்த வழக்கில் சொன்ன விதியை எடுத்துக்கொண்டார்: ஆபத்தான ஒன்றைத் தன் லாபத்துக்கு வைத்திருப்பவர், அது தப்பிப் போய்ச் செய்யும் கெடுதலுக்குத் தன் மேல் தவறு இல்லாவிட்டாலும் ஈடு சொல்ல வேண்டும். அதை மோட்டார் வண்டிக்கும் பொருத்தினார். டயர் வெடித்ததில் யாருக்கும் தவறில்லாமல் இருக்கலாம். இறந்தவரின் மனைவிக்குப் பணம் வந்தே ஆக வேண்டும்.

இருபத்தெட்டு வருஷம் முன்னால் இந்தத் தீர்ப்பு வந்திருந்தால் அப்பா உண்மையையே சொல்லியிருக்கலாம். பொய்க்குத் தேவையே இருந்திருக்காது.

*

இப்போது டிரைவர் இல்லாத காருக்கு வருவோம்.

இந்தச் சரித்திரத்தைப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நம் சட்டத்தின் 5 லட்ச ரூபாய் விதி டிரைவரைத் தேடுவதே இல்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, அவர்கள் கொடுக்க வேண்டும். ஸ்டியரிங்கில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு மாறாது.

கெட்ட செய்தி, 5 லட்சம் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்பது. அதற்கு மேல் முழு இழப்பீடு கேட்டுப் போனால், தீர்ப்பாயங்களில் மறுபடி "யாருடைய கவனக்குறைவு?" என்ற கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. டிரைவர் இல்லாத வண்டியில் யாருடைய கவனக்குறைவு? வாங்கியவர் பின் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கார் செய்த கம்பெனி, சாஃப்ட்வேர் வேறு கம்பெனியுடையது என்னும். சாஃப்ட்வேர் கம்பெனி, கேமரா வேறு கம்பெனியுடையது என்னும். ஆளுக்கு ஆள் கையைக் காட்டினால் ரோட்டில் விழுந்தவர் எங்கே போவார்?

இந்தக் கைகாட்டும் வேலையும் புதிது அல்ல. அமெரிக்காவில் பியூக் காரின் மரச்சக்கரம் நொறுங்கி ஒருவர் காயப்பட்டார். சக்கரம் நாங்கள் செய்ததில்லை, வாங்கிப் போட்டது, காரும் நாங்கள் நேரே இவருக்கு விற்கவில்லை என்றது கம்பெனி. 1916இல் நியூயார்க் நீதிபதி கார்டோசோ அதை ஏற்கவில்லை. சரிபார்க்காமல் வண்டியை வெளியே விட்டது நீ, பொறுப்பும் உன்னுடையது என்று தீர்ப்புச் சொன்னார். நம் நாட்டிலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளைச் செய்தவர் மேல் பொறுப்பைச் சுமத்துகிறது. ஆனால் பெயரிலேயே தெரிகிறது, அது நுகர்வோருக்கான சட்டம். ரோட்டோரம் நடந்து போனவர் எந்தக் காரையும் வாங்கியவர் இல்லை.

நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஊபர் கம்பெனி சோதனை ஓட்டம் விட்டிருந்த தானோட்டிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண் மேல் மோதி அவர் இறந்தார். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே கார் எதையோ பார்த்துவிட்டது. ஆனால் அது வண்டியா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று மாற்றி மாற்றிக் குழம்பிக்கொண்டிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. மேற்பார்வைக்கென்று காரில் உட்கார்ந்திருந்த பெண் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி மேல் கிரிமினல் வழக்கு இல்லை. குடும்பத்தோடு சமாதானம் செய்துகொண்டது. சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தவர் மட்டும் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருஷக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார்.

இரண்டாவது, 2019இல் ஃபுளோரிடாவில் நடந்தது. டெஸ்லா காரில் ஆட்டோபைலட் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் கீழே விழுந்த போனைத் தேடினார். சாலையோரம் நின்றிருந்த ஓர் இளம்பெண் இறந்தாள். 2025 ஆகஸ்டில் மயாமி ஜூரி, டிரைவருக்கு 67 பங்கு, கம்பெனிக்கு 33 பங்கு பொறுப்பு என்று பிரித்தது. தண்டனை நஷ்டஈட்டையும் சேர்த்துக் கம்பெனி சுமார் 24 கோடி டாலர் தர வேண்டும் என்றது. அந்த வழக்கில் என் மனதைத் தைத்தது தொகை இல்லை. கார் தானே பதிவு செய்த விவரம் எங்கே என்பதே பெரிய சண்டையானது. குடும்பத்தார் அமர்த்திய நிபுணர்தான் காரின் கணினியிலிருந்து அதை மீட்டெடுத்தார். வேண்டுமென்று மறைக்கவில்லை என்றது கம்பெனி.

எனக்கு அப்பாவின் கூண்டு நினைவுக்கு வந்தது.

டிரைவர் இல்லாத காரில் சாட்சி யார்? கார்தான். என்ன பார்த்தது, எப்போது பார்த்தது, பிரேக் போட்டதா என்பதெல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. அந்தச் சாட்சியும் கம்பெனியின் உப்பைத்தான் தின்கிறது. என் அப்பாவாவது முப்பத்து மூன்று வருஷம் கழித்துக் கஞ்சி குடிக்கும்போது சொன்னார். கார் அப்படித் தானாகச் சொல்லாது. அதைத் திறந்து படிக்க வேண்டும். சாவி யாரிடம்?

இங்கிலாந்தில் 2018இல் போட்ட சட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. தானே ஓடும் வண்டி இடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அது கார் செய்தவர் மேல் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். 2024இல் இன்னொரு சட்டம் வந்து, தானோட்டி வண்டிக்கு அனுமதி வாங்கும் நிறுவனமே அதன் ஓட்டத்துக்குப் பொறுப்பு என்றது. எனக்கு முதல் சட்டத்தின் வரிசை பிடித்திருக்கிறது. ஸ்லேட்டை இன்றே வாங்கிக் கொடு. யார் உடைத்தது என்ற பஞ்சாயத்தைச் சாயந்திரம் வைத்துக்கொள். பெரிய கம்பெனிகளுக்குள் சண்டை பத்து வருஷம் நடக்கட்டும். அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது.

நம் நாட்டில் இந்த வண்டிகளுக்குச் சட்டம் எழுதும் நாள் வரும். அமைச்சர்கள் மாறுவார்கள், வண்டியும் வரும். அன்று மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும் என்பது இந்த ஓய்வுபெற்ற டீச்சரின் ஆசை. பாதிக்கப்பட்டவர் யாருடைய தவறையும் நிரூபிக்க வேண்டாம், 5 லட்சத்துக்கு மட்டுமல்ல, முழு இழப்புக்கும். பணம் முதலில், பங்கு பிரிப்பது பிறகு. வண்டியின் பதிவுகள் விபத்து நடந்த உடனே கம்பெனியின் கையிலிருந்து போய்த் தீர்ப்பாயத்தின் கையில் இருக்க வேண்டும்.

1855இலிருந்து நம் சட்டம் ஒரே திசையில்தான் நடந்து வந்திருக்கிறது. பறிகொடுத்தவர் தோளிலிருந்து நிரூபிக்கும் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் யாரோ ஓர் அம்மாள் கோர்ட் படியில் காத்திருந்திருக்கிறார். புது வண்டி வந்துவிட்டது என்று அந்தப் பாரத்தைத் திரும்ப ஏற்றிவிடக் கூடாது.

சான் பிரான்சிஸ்கோ பையனுக்கு: கண்ணா, நீ அனுப்பிய வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். அந்தக் கார் நன்றாகத்தான் ஓட்டுகிறது. எங்கப்பாவும் நன்றாகத்தான் ஓட்டுவார். உன் கூட வேலை பார்ப்பவர்கள் யாராவது இந்த மாதிரி வண்டிக்கு சாஃப்ட்வேர் எழுதினால், "பிரேக் கீழே போகிறது" என்று அது முதலாளிக்குச் சொல்லும்போதே வேறு யாராவது ஒருவருக்கும் கேட்கிற மாதிரி எழுதச் சொல்லு.

சட்டம் படித்தவர்கள் நான் எங்கேயாவது தவறியிருந்தால் கீழே திருத்துங்கள். மார்க் குறைத்தாலும் பரவாயில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். 1973இல் அப்படிப் போன ஒரு பால்காரரின் குடும்பத்தை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அந்த ஊர்ப் பெயரை அப்பா கடைசி வரை சொல்லவில்லை. குழந்தைகளுக்கு இப்போது என் வயது இருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்